ஒன்பதாம் துண்டில் ஈரம் ஏன் அதிகம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்பனையிலிருந்து வரவில்லை. பயத்திலிருந்து வந்தது.

வியாழக்கிழமை காலை என் கைபேசிக்கு, மண் ஆராய்ச்சி செய்யும் டாக்டர் ஹாப்சாரியிடமிருந்து ஒரு செய்தி. "பாக் சர்மிடி, ஒம்பதாம் துண்டு மட்டும் மத்த தேக்குத் துண்டுங்களோட ஒத்தே போகலை. மண் பைங்க மாறிப்போயிருக்குமா? திங்கட்கிழமை வன அலுவலகத்துல கூட்டம். அதுக்குள்ள சொல்லுங்க." (பாக் என்றால் ஐயா; சர்மிடி நான்.) ஒரே சொல்லில் பதில் போட்டிருக்கலாம். இன்று ஞாயிற்றுக்கிழமை. இன்னும் போடவில்லை. அதற்குப் பதிலாகக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கிழித்தது போக இது ஆறாவது தாள்.

நான் பெரிய எழுத்தாளன் இல்லை. மாவட்டப் பத்திரிகையின் ஞாயிறு பக்கத்தில் என் கதைகள் இரண்டு வந்திருக்கின்றன. ஒன்றில் என் பெயரைத் தப்பாகப் போட்டார்கள். மற்றதில் பெயரைச் சரியாகப் போட்டுவிட்டு, இடம் போதவில்லை என்று கதையின் கடைசிப் பத்தியை வெட்டிவிட்டார்கள். அந்தக் கதைதான் நன்றாக இருந்ததாக இரண்டு பேர் சொன்னார்கள்.

வயிற்றுப்பாட்டுக்கு நான் செய்வது வேறு வேலை. ஜாவாவில், எங்கள் கெடுங்வாரு காட்டில் ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கிய பன்னிரண்டு நிலத்துண்டுகளுக்கு நான் காவல். அங்கே மண்ணெடுத்து, பையில் போட்டு, மேலே எண் எழுதி நகரத்துக்கு அனுப்புவேன். ஆறு வருடத்தில் ஒரு பைகூட மாறியதில்லை. இந்தக் கதையில் நான் பெருமையடித்துக்கொள்ளும் இடம் இது ஒன்றுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"மழைக்கு ஏங்கிய மாலையொன்றில், தேக்குமரம் தன் கண்ணீரை இலை இலையாக —"

(நிறுத்திவிட்டேன். தேக்கு அழுது நான் பார்த்ததில்லை. அதன் இலை விழுந்தால் தட்டு விழுந்த மாதிரி சத்தம் கேட்கும். தலையில் விழுந்தால் திட்டத் தோன்றும்.)

இரண்டாவது:

"மண் பேசும் என்பார்கள் பெரியவர்கள் —"

(எந்தப் பெரியவர்? ஆறு வருடமாக, மண்ணெடுக்க இரும்பு வளையத்தை வைத்துச் சுத்தியலால் மண்ணை அடித்துக்கொண்டிருக்கிறேன். அந்த அடிக்கும் அது வாய் திறக்கவில்லை.)

மூன்றாவது தொடக்கத்தைப் பார்த்து என் மனைவி வகியெம், தோளுக்குப் பின்னாலிருந்து, "யாரு பாக்னே அந்தப் பொம்பள, கூந்தல் முட்டி வரைக்கும் இருக்கே?" என்று கேட்டாள். (பாக்னே என்றால் பிள்ளையின் அப்பா; நான் அவளை மாக்னே என்பேன்.) அந்தத் தாள் அடுப்புக்குப் போனது.

சரி, வேலைக்காரன் வேலைக்காரன் மாதிரியே தொடங்குகிறேன். துண்டுகள் பன்னிரண்டு. ஆறில் தேக்கு மட்டும். மற்ற ஆறில் தேக்கோடு ஈட்டியும் தூங்குமூஞ்சி மரமும் கலந்து நட்டது. எல்லாம் ஒரே சரிவு, ஒரே வயது. கேள்வி ஒன்றே ஒன்று: எந்த மண் மழைத்தண்ணீரை அதிகம் பிடித்து வைத்துக்கொள்கிறது?

இதைக் கேட்டு உங்களுக்குக் கொட்டாவி வரலாம். எங்கள் ஊரில் யாருக்கும் வராது. ஊருக்கு மேலே உள்ள சரிவில் இருந்த கிழட்டுத் தேக்குகளைப் போன வருடம் வெட்டி முடித்தார்கள். இப்போது அது மொட்டையாகக் கிடக்கிறது. முதல் மழைக்கு அங்கே மறுபடி நடப்போகிறார்கள். அந்தச் சரிவின் அடியில்தான் எங்கள் ஊற்று இருக்கிறது. எனக்குக் கல்யாணமான புதிதில் அது வருடம் முழுவதும் வற்றாது. இப்போது ஆகஸ்டிலேயே கையை விரித்துவிடுகிறது. தேக்கை மட்டும் நடுவதா, கலந்து நடுவதா என்பதைத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் முடிவு செய்வார்கள், டாக்டரின் எண்களை வைத்து. டாக்டரின் எண்கள் என் பைகளிலிருந்து வருபவை.

3

(கட்டுரை மாதிரி ஒரு பகுதி. அவசரக்காரர்கள் நான்காம் பகுதிக்குத் தாவலாம். ஆனால் பிறகு வந்து புரியவில்லை என்று சொல்லக்கூடாது.)

தேக்கிலை பெரியது. எங்கள் வீடுகளில் சோறு கட்ட அதைத்தான் எடுப்போம், ஒரு இலை ஓர் ஆளுக்குப் போதும். அதே இலை காய்ந்து கீழே விழும்போது அப்பளமாக விறைத்துக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும், மக்குவதற்கு அதற்கு மனமே வராது. ஈட்டியின் இலையும் தூங்குமூஞ்சியின் இலையும் சின்னவை, சீக்கிரம் மக்கும். அவை தேக்கிலைகளின் இடுக்கில் புகுந்து நிரப்பிக்கொண்டால் பெரியதும் சேர்ந்து மக்க ஆரம்பிக்கும். மண்புழு வரும். மண் பொலபொலவென்று ஆகும். ஒருவன் வேர் மேலோடு போக, இன்னொருவன் வேர் ஆழத்துக்குப் போகும். தண்ணீர் இறங்க வழி கிடைக்கும், இறங்கியது தங்கவும் இடம் கிடைக்கும்.

தேக்கு மட்டும் நிற்கும் இடத்தில் மழை அந்தப் பெரிய இலையில் சேர்ந்து, மொத்தமாகத் திரண்டு, கனத்த சொட்டாக விழும். கீழே சருகு மூடியிருந்தால் பரவாயில்லை. மூடாத மண்ணில் விழுந்தால் மேல்மண் அடிபட்டு, இறுகி, ஓடு கட்டிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு பெய்தாலும் சரிவில் ஓடித்தான் போகும்.

"கீழே சருகு மூடியிருந்தால்" என்று எழுதினேன் அல்லவா. இந்தக் கதை முழுவதும் அந்தச் சருகுக்கு அடியில்தான் ஒளிந்திருக்கிறது.*

(* இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு காப்பி போட்டுக் குடித்தேன், அவ்வளவு பிடித்திருந்தது. திரும்பி வந்து படித்தபோது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.)

எண்கள் இவை. நூறு மில்லி மண்ணில், கலந்து நட்ட துண்டுகள் சராசரியாக நாற்பத்தெட்டு மில்லி தண்ணீர் பிடிக்கின்றன. தேக்கு மட்டும் உள்ள துண்டுகளில் ஐந்து பிடிப்பது சராசரியாக முப்பத்தெட்டு. ஆறாவது தேக்குத் துண்டுக்கு எண் ஒன்பது. அது மட்டும் நாற்பத்துமூன்று. கலப்பிலும் சேராமல் தனியிலும் சேராமல், கல்யாண வீட்டில் எந்தப் பக்கத்து உறவு என்று தெரியாத ஆள் மாதிரி நடுவில் நிற்கிறது.

4

டாக்டரை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதலில் அவரைக் கதையின் வில்லியாக்கலாம் என்று பார்த்தேன்: மூக்குக் கண்ணாடி, குளிர்ந்த அறை, ஏழையின் உழைப்பைச் சுரண்டும் —

(முடியவில்லை. அவர் வந்தால் என் வீட்டு முன்னறையில் பாய் போட்டுப் படுக்கிறவர். என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தவர்.)

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் டிசம்பரில் வந்திருந்தார். அது உங்கெர் காலம். முதல் மழை பெய்து தேக்கு துளிர்த்ததும் புழு வந்து அத்தனை துளிரையும் தின்றுவிடும். காடே சல்லடையாகிவிடும். தின்று கொழுத்த புழு நூல் விட்டுக் கீழே இறங்கி, சருகுக்கு அடியில் கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுப்புழுதான் உங்கெர். வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் போட்டு வதக்கினால் அந்த வாசனைக்கு நான் விடியற்காலை பஜ்ர் தொழுகையைக்கூடக் கொஞ்சம் வேகமாக முடித்திருக்கிறேன். வருடத்தில் இரண்டு வாரம்தான் கிடைக்கும். ஊரே குச்சியும் கூடையுமாகக் காட்டில் இருக்கும்.

அன்று வகியெம் ஒரு சட்டி நிறைய வதக்கி வைத்தாள்.

"இபு, மொதல்ல கொஞ்சமா சாப்பிட்டுப் பாருங்க. சிலருக்கு ஒடம்பு தடிச்சுடும்," என்றாள். ('இபு' என்றால் அம்மா, மரியாதையாக.)

"எனக்கு ஒண்ணும் ஆகாது. ரொம்ப நல்லாருக்கே, எங்க கெடைச்சது இவ்வளவு?"

"காட்டுலதான்," என்றாள் வகியெம்.

டாக்டர் இரண்டு தட்டு சாப்பிட்டார். அரை மணி நேரத்தில் கழுத்தெல்லாம் தடித்து, கண் வீங்கி, மறுநாள் முழுக்கச் சொறிந்துகொண்டே மண் வளையங்களை எண்ணினார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பைகளுக்கு எண் எழுதினேன். அது காட்டில் எந்த இடத்திலிருந்து வந்தது என்பது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

5

எனக்குத் தெரிந்தது போன வெள்ளிக்கிழமை, அதாவது டாக்டரின் கேள்வி வந்த மறுநாள். இடம், தண்ணீர் லாரிக்கான வரிசை.

வழக்கமாக வரிசையில் நிற்பது வகியெம். அன்று அவளுக்கு இடுப்பு வலி. இரண்டு கேன்களோடு நான் போய் நின்றேன். எனக்கு முன்னால் யூ கஸ்மிரா, அதாவது கஸ்மிரா அக்கா. பக்கத்து வீடு, என்னைவிடப் பத்து வயது மூத்தவள், வாய் மட்டும் இருபது வயது மூத்தது.

"என்னடா மிடி, மழை வருதாமே," என்றாள்.

"வரணும் யூ."

"வந்தா உங்க வீட்ல விருந்துதான். எங்களுக்கு என்ன, கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு வாசனை பிடிக்கவேண்டியதுதான்."

"எந்தக் கயிறு?"

"பாருங்கடி, எந்தக் கயிறாம்." அவள் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "உள்ள வரக்கூடாது, ஆராய்ச்சின்னு சுத்திக் கட்டி வெச்சியே, அந்தக் கயிறு. நாங்க வரலை. மரியாதை தெரிஞ்சவங்க. உன் பொண்டாட்டி மட்டும் கயித்தத் தூக்கிட்டு உள்ள போயி கூடை கூடையா அள்ளிட்டு வருவா. நல்ல ஆராய்ச்சிடா அது."

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன், அசடு வழிந்தால் சிரிப்பு மாதிரித்தான் இருக்கும். கேன்களை எப்படி வீட்டுக்குக் கொண்டுவந்தேன் என்று நினைவில்லை. ஒன்றில் பாதித் தண்ணீர்தான் இருந்தது.

விளங்கிவிட்டது அல்லவா? துண்டுகளைக் காப்பாற்ற நான் கட்டிய கயிறு, ஊரில் உள்ள மற்ற எல்லாரையும் தடுத்து, ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் தனித் தோட்டம் அமைத்துக் கொடுத்துவிட்டது. உங்கெர் தேக்குக்கு அடியில்தான் கொழிக்கும், கலப்புத் துண்டுகளில் குனிந்த முதுகுக்குக் கூலி கிடைக்காது. ஆகவே அவள் தேக்குத் துண்டுகளில் மட்டும் சருகைக் கிளறி, புரட்டி, ஓரத்துக்குத் தள்ளியிருக்கிறாள். அதுவும் எப்போது? சரியாக முதல் மழை வாரங்களில். மேலே இலையைப் புழு தின்றுவிட்டது. கீழே இலையை என் மனைவி தள்ளிவிட்டாள். நடுவில் மண் மட்டும் தனியாக நின்று அடி வாங்கியிருக்கிறது, வருடா வருடம்.

டாக்டர் அளந்தது கலப்பு மரத்தின் பெருமையை மட்டுமல்ல. வகியெமின் குச்சியையும் சேர்த்துத்தான்.

6

இங்கே கதாசிரியனுக்கு ஒரு சிக்கல். எண்களைப் பார்த்தால் அவள் கிளறியது ஐந்து துண்டைத்தான்; ஒன்பதாம் துண்டை மட்டும் ஏன் விட்டாள்?

ஒன்பதாம் துண்டின் மூலையில் ஒரு பெரிய கல் இருக்கிறது. பாசி படிந்த கல். அதை வைத்து எழுதினேன்: "அது ஊரை உண்டாக்கியவரின் சமாதி என்று சொல்வார்கள். அந்தப் பக்கம் போனால் வகியெமுக்கு உடம்பு சிலிர்க்கும். அவள் குச்சியைக் கீழே போட்டுவிட்டு, கண்ணை மூடி, கைகூப்பி —"

இதைப் படிக்கும்போது எனக்கே சிலிர்த்தது. நல்ல பாத்திரம், எளிய பெண், முன்னோர் மேல் பயம், அதனால் தப்பித்த ஒரு துண்டு மண். பத்திரிகைக்காரர்கள் விரும்பிப் போடுவார்கள். கடைசிப் பத்தியை வெட்டினாலும் நிற்கும்.

(வகியெம் இருளில் நாகப்பாம்பை விறகால் அடித்தவள் என்பதை இந்த இடத்தில் வாசகருக்குச் சொல்லாமல் விட்டேன். அந்தக் கல்லில் உட்கார்ந்து நான் மதியச் சோறு சாப்பிடுவதையும் விட்டேன்.)

அவளிடம் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் நான் கேட்காமல் ஊகித்த விஷயங்களை வரிசையாக வைத்தால் தண்ணீர் லாரி வரிசையைவிட நீளமாக இருக்கும். அதோடு, கேட்டால் சண்டை வரும். 'நீங்க திங்கலையா' என்பாள். தின்றேன். தின்றது மட்டுமா, தட்டை வழித்தேன். எங்கிருந்து வந்தது என்று ஆறு வருடத்தில் ஒரு நாளும் கேட்கவில்லை. காவல்காரன் நான்தான்.

7

முடிவுகள். மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு. டாக்டருக்கு, "ஆமாங்க இபு, பை மாறியிருக்கும்" என்று பதில் போடுகிறேன். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் ஒன்றைக் கேட்டால் 'ஆமாம்' என்பதுதான் மரியாதை. 'இல்லை' என்று முகத்துக்கு நேரே சொல்ல ஜாவாக்காரனுக்கு நாக்கு எழாது. ஒன்பதாம் துண்டை டாக்டர் நீக்கிவிடுவார். நாற்பத்தெட்டுக்கும் முப்பத்தெட்டுக்கும் பத்து வித்தியாசம், பளிச்சென்று இருக்கும். அலுவலகம் கலந்து நடும். ஊற்றுக்கு நல்லது, ஊருக்கு நல்லது. யாருக்கும் நஷ்டமில்லை, ஆறு வருடமாக ஒரு பைகூட மாற்றாத ஒருவனைத் தவிர.

(இதுதான் சுலபமான முடிவு. வியாழக்கிழமை முதல் என் கட்டைவிரல் இதன்மேல்தான் நிற்கிறது.)

இரண்டாவது முடிவு. உள்ளதைச் சொல்கிறேன். கிளறாத தேக்கு நாற்பத்துமூன்று, கிளறாத கலப்பு நாற்பத்தெட்டு. கலப்பதால் வரும் லாபம் ஐந்துதான், மீதி ஐந்து வகியெமின் கைவரிசை. அதுவும் ஒரே ஒரு துண்டை வைத்துச் சொல்வது. அலுவலகத்தில் யாராவது எழுந்து, 'இவ்வளவுதானா, அப்ப தேக்கையே நட்டுடலாம், சீக்கிரம் வெட்டலாம்' என்பார். ஊற்று அடுத்த வருடம் ஜூலையிலேயே வற்றும். கேனைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கப்போகிறவள் வகியெம்.

மூன்றாவது முடிவில் நல்ல மழை பெய்கிறது. எல்லாரும் நனைகிறார்கள்.

(அதைப் பற்றிப் பேச வேண்டாம்.)

8

இன்று காலை சாப்பாட்டுக்கு முன் இதுவரை எழுதியதை வகியெமுக்குப் படித்துக் காட்டினேன். துணிச்சல் என்று நினைக்காதீர்கள். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், கையில் ஆயுதம் எதுவும் இல்லை, அதனால்தான்.

கயிறு வந்த இடத்தில் மட்டும், "கஸ்மிராவுக்கு வயித்தெரிச்சல்," என்றாள். நான் முடித்ததும் கீரைத் தண்டை ஒடித்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"சமாதியா?"

"கதைக்காகப் போட்டேன் மாக்னே."

"அந்தக் கல்லு மேல ஒக்காந்து நீங்க பீடி பிடிக்கிறீங்க. அதப் பாத்து நான் பயந்து கும்பிட்டேனா?"

"அப்ப ஏன் விட்டே ஒம்பதை?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் திறமை போதாது. பத்து வருடம் வேலை செய்த மாடு திடீரென்று வழி கேட்டால் எப்படிப் பார்ப்போமோ அப்படி.

"மொத வருஷம், இதே எடத்துல ஒக்காந்து, சருகு ஒண்ணு நகந்தாலும் என் கணக்கு செத்துச்சுன்னு ஒரு மணி நேரம் பேசினீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. நீ 'ம்'ன்னு மட்டும் சொன்னே."

"கேட்டுக்கிட்டதாலதான் 'ம்'ன்னேன். ஆனா மறுநாளே நீங்கதான, 'போன வருஷம் மாதிரி உங்கெர் இந்த வருஷம் கெடைக்காதா'ன்னு சட்டியையே எட்டி எட்டிப் பாத்தீங்க. நான் என்ன பண்றது? ஊரெல்லாம் மத்த எடத்த முன்னாடியே அள்ளிடுச்சு. சரி, அஞ்சு உங்க வாய்க்கு, ஒண்ணு உங்க டாக்டருக்குன்னு விட்டு வெச்சேன். ஆறு வருஷமா அதுல குச்சி வெச்சதில்ல."

"ஒம்பதை மட்டும் ஏன்?"

"நீங்க சோறு திங்கிற எடம். அங்கயாவது தரை நல்லாருக்கட்டும்னு."

டாக்டர் படித்தவர், கருவி வைத்திருப்பவர். நான் சுத்தியல் வைத்திருப்பவன். எங்கள் ஆராய்ச்சியில் உருப்படியாக ஏதாவது ஒன்று நடந்திருக்கிறதென்றால் அது கீரை ஆய்கிற இவள் வேண்டுமென்றே விட்டு வைத்த ஒரு துண்டுதான். அவளை நான் கல்லைப் பார்த்துக் கைகூப்ப வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

"அது இருக்கட்டும்," என்றாள். "அந்த எண்ணுங்கள இன்னொரு தடவ படிங்க."

படித்தேன். கலப்பு நாற்பத்தெட்டு. அவள் கிளறியது முப்பத்தெட்டு. கிளறாதது நாற்பத்துமூன்று.

"அப்ப நான் சும்மா இருந்திருந்தாலே அஞ்சு கூட நின்னுருக்குமா?"

"நின்னுருக்கும்."

"மரத்தக் கலந்தா வர்ற அளவு, நான் கையக் கட்டிக்கிட்டு இருந்தாலும் வரும்."

"அந்தத் துண்டுல அப்படித்தான்."

"மேல் சரிவுல, வெட்டுறதுக்கு முன்னாடி, கயிறா இருந்துச்சு? ஊரே கிளறிச்சே. நான், கஸ்மிரா, அவ மருமக, எல்லாரும்." அவள் மூலையிலிருந்த கேன்களைப் பார்த்தாள். இரண்டும் காலி. "நம்ம கையாலயே ஊத்த வத்த வெச்சிட்டுத்தான் வரிசையில நின்னுருக்கோம் பாக்னே."

அவள் முகம் வாடிவிட்டது. ஆறுதலாக ஏதாவது சொல்லலாமென்று பார்த்தேன், அதற்குள் அவளே கீரையை முறத்தோடு நகர்த்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அதையும் எழுதுங்க," என்றாள்.

"கதையிலயா?"

"கதையில நீங்க என்ன வேணா எழுதுங்க. டாக்டருக்கு எழுதுங்கன்றேன்."

"வித்தியாசம் பாதியாயிடும். அவங்க தேக்கையே நட்டுட்டா?"

"பொய் சொல்லிக் கலந்து நட்டு, பத்து வரும்னு சொன்ன எடத்துல அஞ்சு வந்தா, அப்ப யாரைக் கேப்பாங்க? அதோட, கலந்து நட்டுட்டு அங்கயும் போயி, கெடைக்கிற கொஞ்சத்துக்காக நாங்க கிளறினா என்ன வரும்னு உங்க டாக்டருக்குத் தெரியுமா? தெரியாது. எனக்குத் தெரியும். அதச் சொல்லணும்ல."

"உங்கெர்?"

"அது பதினஞ்சு நாள் சமாச்சாரம். புரட்டினா, புரட்டினத திரும்ப மூடிட்டு வரணும். கஸ்மிராகிட்ட நான் பேசிக்கிறேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏசுவா. ஆனா கேப்பா," என்றாள்.

9

ஆகவே நான்காவது முடிவு. இதை நான் எழுதவில்லை, வகியெம் சொல்லச் சொல்லத் தட்டினேன். இலக்கணம் மட்டும் என்னுடையது, அதுவும் சரியில்லை.

"இபு, பை மாறலை. ஒம்பது சரி. மத்த அஞ்சுதான் தப்பு. அந்த அஞ்சுலயும் வருஷா வருஷம் மழை ஆரம்பத்துல என் சம்சாரம் சருகைக் கிளறி உங்கெர் பொறுக்கியிருக்கா. எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கப் பாக்கவும் இல்லை. ஒம்பதை அவளே உங்களுக்காகத் தொடாம விட்டு வெச்சா. மரம் கலந்தா ஈரம் கூடுது, அது நிஜம். சருகைத் தொடாம விட்டாலும் அதே அளவு கூடுதுன்னு தோணுது. ரெண்டையும் கூட்டத்துல சொல்லுங்க. வேணும்னா அவளே வந்து சொல்றேன்னு சொல்றா."

"இன்னும் ஒண்ணு போடுங்க," என்றாள் வகியெம்.

"என்ன?"

"அன்னிக்கு அவங்களுக்கு ஒடம்பு தடிச்சுதுல்ல. அந்த உங்கெரும் இந்த அஞ்சு துண்டுலேர்ந்து வந்ததுதான்."

போட்டேன். அனுப்பும் பொத்தானை யார் அழுத்தியது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. அழுத்தப்பட்டது, அவ்வளவுதான்.

ஒரு டிக் வந்தது. இரண்டாவது டிக் வந்தது. இரண்டும் நீலமாயின.

இப்போது நானும் வகியெமும் பாயில் அருகருகே உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்தத் தாளை முழங்காலில் வைத்து எழுதுகிறேன், அதனால் எழுத்து கோணல். திரையின் மேலே, டாக்டரின் பெயருக்குக் கீழே, 'எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று வருகிறது.

நின்றுவிட்டது.

"என்ன ஆச்சு?" என்கிறாள் வகியெம்.

"அழிச்சிருப்பாங்க."

மறுபடி 'எழுதிக்கொண்டிருக்கிறார்.' மறுபடி நின்றுவிட்டது. அங்கே ஒருவர் ஆறு வருட வேலையை மடியில் வைத்துக்கொண்டு, நாளைக் காலைக் கூட்டத்தை நினைத்துக்கொண்டு, ஒரு தொடக்கத்தை எழுதி அழிக்கிறார். இன்னொன்றை எழுதுகிறார். எனக்கு அது நன்றாகவே தெரியும், மூன்று நாளாக நானும் அதைத்தான் செய்தேன்.

கதையின் முடிவு இனி என் கையில் இல்லை, அவர் கையில் இருக்கிறது. அவருக்கும் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் என்ன எழுதுவீர்கள் என்று யோசித்துக்கொண்டிருங்கள். வகியெம் கேன்களை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள், லாரி வரும் நேரம். அவளுக்கு இன்னும் இடுப்பு வலி, ஆகவே நானும் போகிறேன்.

மறுபடியும் எழுதிக்கொண்டிருக்கிறார்.